மேல் ஸ்டோனியின் மூன்றாவது ஆள்

கிளாரி ஹாப்டே என்று ஒரு மனிதர் இல்லை என்ற செய்தி கிளாரி ஹாப்டேவுக்கே தபாலில் வந்தது. உறையின் மேல் அவர் பெயரும் விலாசமும் ஒரு எழுத்துப் பிசகாமல் டைப் அடித்திருந்தன. உள்ளே ஒரே ஒரு தாள். இந்த 1986 மார்ச்சில் எடுத்த கணக்கின்படி மேல் ஸ்டோனி வார்டின் மக்கள்தொகை பூஜ்யம். ஆகவே ஒன்பதாவது மைல் கம்பத்துக்கு அப்பால் சாலையைச் சமன் செய்யும் வேலை நிறுத்தப்படுகிறது. ஜூலை வெள்ளத்தில் கரை அரித்துப்போன ஸ்டோனி ஓடைப் பாலத்தைச் சரிசெய்யும் தேவையும் இல்லை. இதனால் யாருக்கும் எந்தச் சிரமமும் இராது என்பதை வைரிமு கவுண்டி நிர்வாகம் மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறது.

கிளாரி தபால் பெட்டியின் பக்கத்தில் நின்றபடியே இரண்டு தரம் படித்தார். பெட்டி ஒன்பதாவது மைல் கம்பத்தில் இருந்தது. அங்கே வர அவர் டிராக்டரை ஓடைக்குள் இறக்கி ஏற்றியிருந்தார். பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. ஆள் இல்லை, சரி. கால் நனைந்தது யாருக்கு?

அந்த நேரம் பார்த்துக் கவுண்டியின் கிரேடர் வண்டி சரளையைச் சீவிக்கொண்டு வந்தது. கம்பத்தருகே வந்ததும் அதை ஓட்டிவந்த டூரி வண்டியைத் திருப்ப ஆரம்பித்தான். முப்பது வருஷமாக அந்த வண்டி திரும்பியது கிளாரியின் வாசலில்தான், ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் முடிந்த பிறகு.

"என்னடா, இங்கயே திருப்புற?"

"அதுக்கு அந்தாண்ட ஆள் இல்லையாம், கோரோ." டூரி தன் இனத்து வழக்கப்படி வயசானவர்களை எல்லாம் கோரோ, அதாவது தாத்தா, என்றுதான் கூப்பிடுவான். "ஆபீஸ்ல பீக் சொல்லிட்டாரு."

"அப்ப நான் யாரு?"

"அதத்தான் நானும் கேட்டேன். அதைக் கேக்குறதுக்கு ஃபாரம் இல்லைன்னுட்டாரு."

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான், நெட்டா மட்டும் வீட்டில் இருந்திருந்தால். நெட்டா அவர் மனைவி. பிப்ரவரியில் பேரிக்காய் பறிக்க ஏணியில் ஏறியவள் இடுப்பெலும்பு முறிந்து இறங்கினாள். கார்மோர் ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்தார்கள். சேர்த்தது கோணலாகப் போய், பிரித்துத் திரும்பச் சேர்த்தார்கள். இப்போது நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வார்டு முழுக்கச் சுற்றி வருகிறாள். தலைமை நர்ஸ் கறாராகச் சொல்லியிருந்தாள்: வாரம் இரண்டு தடவை நர்ஸின் கார் வீட்டு வாசல் வரை வந்துபோக வழி இருந்தால் அனுப்புவேன். அக்டோபர் முடிவதற்குள் வழி இல்லையென்றால் இருநூறு மைல் தள்ளி நகரத்தில் இருக்கிற முதியோர் இல்லத்துக்குத்தான். கட்டில் வேண்டும் எனக்கு.

அன்றைக்கு செப்டம்பர் இருபத்தி மூணு.

*

கவுண்டி ஆபீஸ் கார்மோரில், ஆட்டுச் சந்தைக்கு எதிரில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது ஆள் உயரத்துக்கு ஒரு ரிமு மரப் பலகை. அதில் தங்க எழுத்தில் கவுண்டியின் மக்கள்தொகை, வார்டு வாரியாக, கணக்கெடுப்பு வாரியாக. மேல் ஸ்டோனியின் பத்தியைக் கிளாரி விரலால் தடவிக்கொண்டே இறங்கினார். தங்கம் தோண்டிய காலத்தில் 612. மர மில் ஓடிய காலத்தில் 388. அப்புறம் 94, 31, 9. 1981-இல் 3. அதற்குக் கீழே வண்ணம் காயாத ஒரு பூஜ்யம்.

"அழகா இருக்குல்ல?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. பீக், கவுண்டி கிளார்க். ஒல்லியான மனுஷன், சட்டைப் பையில் மூன்று பேனா. "நாலு தடவ எல்லையை மாத்தினாங்க, மிஸ்டர் ஹாப்டே. ஒவ்வொரு தடவையும் பழைய கணக்கு பூராவையும் புது எல்லைக்குத் தகுந்த மாதிரி நானே திருத்திட்டேன். 1911-ல செத்தவங்களைக்கூட சரியான வார்டுல குடிவச்சாச்சு. உங்கப்பா இப்போ கீழ் ஸ்டோனில இருக்காரு."

"எங்கப்பா மேல் ஸ்டோனி இடுகாட்டுல இருக்காரு."

"இடுகாடும் கீழ் ஸ்டோனிக்குப் போயிடுச்சு."

கிளாரி கடிதத்தை மேஜையில் போட்டார். "இங்க பாரும். மார்ச் மாசம் அந்த ஃபாரத்தை நிரப்பினேன். பேரு, வயசு, குளியலறை எத்தனை, எல்லாம் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். எப்படி பூஜ்யம்?"

"நீங்க எழுதினது சரிதான். தலைநகர்ல ஒண்ணுன்னுதான் எண்ணியிருப்பாங்க. ஆனா ஒண்ணுங்கறதை வெளிய விடமாட்டாங்க." பீக்கின் முகத்தில் பரிதாபம் வழிந்தது. "மூணுக்குக் கீழ எந்த எண்ணு வந்தாலும் ஒண்ணு மூணாக்குவாங்க, இல்லாட்டி பூஜ்யமாக்குவாங்க. எதுன்னு எந்திரம் குலுக்கிப் போட்டு எடுக்கும். ரொம்ப நேர்மையான எந்திரம்."

"எதுக்கு இந்தக் கூத்து?"

"உங்க ரகசியத்தைக் காப்பாத்த."

"எனக்கு என்னய்யா ரகசியம்?"

"நீங்க அங்க இருக்கீங்கங்கற ரகசியம்."

"அது ஊருக்கே தெரியுமே! உமக்கே தெரியுமே!"

"ஒரு தனி மனுஷனா தெரியும். கவுண்டி கிளார்க்கா எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது." பீக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க இப்படி நேர்ல வந்து நின்னு பேசுறதே உங்க ரகசியத்துக்கு நல்லதில்ல."

கிளாரி பலகையைப் பார்த்தார். "81-ல நாங்க ரெண்டு பேருதான். மூணுன்னு போட்டிருக்கு."

"அந்தத் தடவ குலுக்கல் உங்க பக்கம் விழுந்துச்சு. மூணு பேருக்கு ரோடு உண்டு."

"ஒருத்தனுக்கு?"

"ஒருத்தன்னு ஒரு கணக்கே கிடையாது, மிஸ்டர் ஹாப்டே."

அப்போது கிளாரியின் கண் பீக்கின் மேஜையில் திறந்து கிடந்த பச்சை அட்டைப் பேரேட்டில் விழுந்தது. நாய்ப் பதிவேடு. மேல் ஸ்டோனி என்று தலைப்பு. கீழே: நாய்கள் நான்கு. ஜெட், ஃப்ளோ, மிக், கிழட்டு டார்க். உரிமையாளர், திருமதி நெட்டா ஹாப்டே. ஒவ்வொரு நாய்க்கும் நிறம், வயது, காது கிழிந்திருக்கிறதா என்ற விவரம்.

"நாய் மட்டும் நாலுன்னு சரியா போட்டிருக்கீரே?"

"நாய்களுக்கு ரகசியம் கிடையாது" என்றார் பீக்.

*

"அந்த மூணாவது ஆளு யாருடி?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார் கிளாரி.

நெட்டா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, சாயம் போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். எழுபத்தொரு வயசு. கண்ணில் மட்டும் வயசு ஏறவில்லை.

"எந்த மூணாவது ஆளு?"

"81-ல நம்ம வீட்ல மூணு பேரு இருந்தாங்கன்னு தங்க எழுத்துல போட்டு வச்சிருக்கான். நான் ஒருத்தன், நீ ஒருத்தி. மிச்சம் யாரு?"

"எவனா இருந்தாலும் ஒரு நாள்கூட விறகு பொளந்து போடலையே, பாவி" என்றாள் நெட்டா. பக்கத்துக் கட்டில் கிழவி டீயைத் துப்பிவிட்டாள்.

அப்புறம் நெட்டா சிரிப்பை நிறுத்தினாள். "கணக்கெடுத்த அன்னைக்கு நான் இங்கதான படுத்திருந்தேன். என்னை இந்த டவுன் கணக்குல சேத்திருப்பான். நான் வீட்ல இருந்திருந்தா ரெண்டு. ரெண்டுன்னா மூணாகியிருக்கலாம். ரோடு வந்திருக்கும். ரோடு இருந்தா நான் வீட்டுக்கு வந்துருவேன். இப்ப நான் வர ரோடு வேணும், ரோடு வர நான் வேணும். அப்படித்தான?"

"அப்படித்தான்."

"இதைக் கண்டுபிடிக்க எத்தனை பேருக்குச் சம்பளம் குடுக்குறாங்க?"

கிளாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நகரத்து முதியோர் இல்லத்துக்கு அவர் ஒரு தரம் போயிருக்கிறார், அண்ணன் செத்தபோது. அங்கே ஜன்னலைத் திறக்க முடியாது. ஆணி அடித்திருந்தார்கள்.

*

கவுன்சில் கூட்டம் அக்டோபர் ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு. கிளாரி இருக்கிறதில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சில் வேறு யாரும் இல்லை.

மேல் ஸ்டோனிக்கென்று ஒரு கவுன்சிலர் இருந்தார். கில்கிறிஸ்ட். நிலத் தரகர். கார்மோரில் கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் பெரிய வீடு. இருபத்தொரு வருஷமாக மேல் ஸ்டோனியின் பிரதிநிதி. எதிர்த்து நிற்க அங்கே ஆள் இல்லாததால் ஒவ்வொரு தடவையும் போட்டியின்றித் தேர்வு. மேல் ஸ்டோனியை அவர் கடைசியாகப் பார்த்தது ஒரு வேட்டைக்குப் போனபோது. மூடுபனியாக இருந்ததால் அப்போதும் சரியாகப் பார்க்கவில்லை.

ஆள் இல்லாத வார்டைக் கலைத்துவிடலாமே என்று யாரோ ஒரு கவுன்சிலர் சொல்லப்போக, கில்கிறிஸ்ட் எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"மேல் ஸ்டோனி மக்கள் சார்பா நான் பேசுறேன்" என்றார். "நான் இந்தப் பொறுப்புக்கு வந்தப்போ அங்க முப்பத்தோரு பேரு இருந்தாங்க. வருஷத்துக்கு நாற்பது புகார். அப்புறம் ஒன்பது பேரு, புகாரும் குறைஞ்சுது. இன்னைக்கு ஒரு புகார்கூட இல்ல. ஒரு ஆளுகூட அதிருப்தியா இல்ல. இந்தக் கவுண்டில வேற எந்தக் கவுன்சிலராவது தன் வார்டுல எல்லாரையும் திருப்திப்படுத்தியிருக்கேன்னு நெஞ்சத் தொட்டுச் சொல்ல முடியுமா? ஆளு இல்லைங்கறதுக்காக அவங்க குரலைப் பறிக்கலாமா? குரல் இல்லாதவங்களுக்காகப் பேசத்தானய்யா நாம வந்திருக்கோம்! ஆளே இல்லாதவங்களைவிடக் குரல் இல்லாதவன் எவன்?"

கைதட்டல். வார்டு நீடிக்கும் என்று ஏகமனதாகத் தீர்மானம். அடுத்த தீர்மானம், அந்த வார்டின் சாலையைக் கைவிடுவது. அதற்கும் கில்கிறிஸ்ட்தான் கை தூக்கினார்.

கிளாரி எழுந்தார். "ஐயா, நான் மேல் ஸ்டோனி. எனக்கு அந்த ரோடு வேணும்."

தலைவர் மணியை அடித்தார். "பார்வையாளர் பேசக்கூடாது. ஏதாவதுன்னா உங்க வார்டு கவுன்சிலர் மூலமாத்தான் சொல்லணும்."

கிளாரி கில்கிறிஸ்டைப் பார்த்தார். கில்கிறிஸ்ட் அன்பாகச் சிரித்தார்.

"பெரியவரே, உங்க கோரிக்கையை நான் எடுத்தா, அது யாரோடதுன்னு பதிவு பண்ணணும். பதிவு பண்ணா மேல் ஸ்டோனில ஒருத்தர் இருக்காருன்னு வெளிய தெரிஞ்சிரும். உங்களைக் காட்டிக் குடுக்க எனக்கு மனசு வரல."

மறுபடி கைதட்டல். கிளாரி தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஆட்டுச் சந்தையில் ஏலம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டையும் விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பட்டியில் அடைத்தார்கள். கிளாரி கொஞ்ச நேரம் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

*

"விடு" என்றாள் நெட்டா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. ஆனால் அவள் விட்ட மாதிரி தெரியவில்லை. நடைச்சட்டத்தின் பிடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். "நாய்ங்க எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. கிழட்டு டார்க் மட்டும் உன் நாற்காலிய விட்டு எறங்க மாட்டேங்குது."

"புழு மருந்து?"

அந்தக் கவுண்டியில் பண்ணை நாய்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை புழு மாத்திரை கொடுத்தாக வேண்டும், சட்டம். நாயின் வயிற்றுப் புழு ஆட்டுக்குப் போகும். மனுஷனுக்கும் தொற்றி ஈரலில் ஆப்பிள் பெரிசுக்குக் கட்டி கட்டும். மாத்திரை கொடுப்பவனும் டூரிதான். சின்னக் கவுண்டி, ஆளுக்கு இரண்டு வேலை. செவ்வாய்க்கிழமை கிரேடர், வியாழக்கிழமை நாய்.

"பாலம் போனதிலேர்ந்து டூரி மாத்திரையைத் தபால் பெட்டியில போட்டுட்டுப் போறான். நான் எடுத்துட்டுப் போய்க் குடுக்குறேன்."

"நாயோட சொந்தக்காரர் நாயைப் பிடிச்சுக்கணும், நாய் முழுங்குறத அதிகாரி கண்ணால பாக்கணும்னுதான ரூலு? நாய் யார் பேர்ல இருக்கு?"

கிளாரி அவளைப் பார்த்தார். நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தும் இந்தப் பார்வை வந்தால் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்வார்.

"டூரியைக் கூட்டிட்டு வா" என்றாள் நெட்டா.

டூரி வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றான். அவள் சொன்னதைக் கேட்டுப் பின்மண்டையைச் சொறிந்தான்.

"நெட்டாம்மா, ஜூலையிலேர்ந்து 'கண்ணால் பார்த்தேன்'னு நான் கையெழுத்துப் போட்டுட்டுல்ல இருக்கேன். இப்ப உண்மைய எழுதினா, முன்னாடி எழுதினதெல்லாம் என்னன்னு கேப்பாங்க."

"முன்னாடி எழுதினதை எவன் படிச்சான்?"

டூரி யோசித்தான். "எவனும் படிக்கல."

"அப்புறம் என்ன பயம்? கவுண்டில பொய்யை யாரும் படிக்கிறதில்ல. உண்மை எழுது, ஓடி வருவாங்க."

அந்த வியாழக்கிழமை டூரி எழுதினான்: மேல் ஸ்டோனி, நாய்கள் நான்கு, மருந்து தரவில்லை. காரணம் ஒன்று, பாலம் இல்லை. காரணம் இரண்டு, உரிமையாளரைக் கார்மோர் ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

*

பீக்கின் ஆபீசில், மக்கள்தொகைப் பலகைக்கு எதிர்ச் சுவரில் ஒரு கேடயம் தொங்கியது. நாய்ப் புழு ஒழிப்பில் மாகாணத்திலேயே முதலிடம், ஒன்பது வருஷம் தொடர்ந்து நூற்றுக்கு நூறு. டூரியின் அறிக்கையைப் படித்த பீக் முதலில் உட்கார்ந்தார், அப்புறம் எழுந்தார், அப்புறம் கேடயத்தைத் துடைத்தார். நாலு நாய் விடுபட்டால் தொண்ணூற்றெட்டு சொச்சம். பக்கத்துக் கவுண்டி தொண்ணூற்றொன்பதில் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது.

அவசரக் கூட்டம் கூடியது. கிளாரி மறுபடி அந்தப் பெஞ்சில்.

"இது உயிர் பிரச்சினை" என்று பீக் படித்தார். "நாய்க்கு மருந்து போகலைன்னா மனித உயிருக்கு ஆபத்து."

"எந்த மனித உயிருக்கு?" என்று ஒரு கவுன்சிலர் தெரியாத்தனமாகக் கேட்டார். "அங்க யாரும் இல்லைன்னு போன வாரம்தான..."

"அது வேற தீர்மானம்" என்றார் தலைவர்.

கில்கிறிஸ்ட் எழுந்தார். கண் மறுபடி கலங்கியிருந்தது. "என் வார்டு நாய்களுக்காக நான் கடைசி மூச்சு வரைக்கும் போராடுவேன்" என்றார்.

பாலத்தின் அரித்த கரையைக் கட்டி, ஒன்பதாவது மைலிலிருந்து கிளாரியின் வாசல் வரை சரளை கொட்டிச் சமன் செய்ய உத்தரவானது. மூன்று மாதம் முடியாது முடியாது என்ற வேலை பதினோரு நாளில் முடிந்தது. இதற்கிடையில் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் போனது: நாய் உரிமையாளர் திருமதி நெட்டா ஹாப்டே அக்டோபர் முப்பதாம் தேதி காலை தன் இல்லத்தில் ஆஜராகி நான்கு நாய்களையும் பிடித்துக்கொள்ள வேண்டும், தவறினால் நடவடிக்கை. தலைமை நர்ஸ் அதைப் படித்துவிட்டுக் கிளாரியைக் கூப்பிட்டாள்.

"எட்டு மாசமா இவங்களுக்கு என்ன வைத்தியம் பாக்கணும்னு நாங்க மண்டையை உடைச்சுக்கிட்டோம். நாயைப் பிடிக்கணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல, மிஸ்டர் ஹாப்டே. ரோடு நிஜமாவே போட்டாச்சா?"

"நாய் போற அளவுக்கு" என்றார் கிளாரி.

"என் காரு நாயைவிடச் சின்னதுதான். கூட்டிட்டுப் போங்க."

முப்பதாம் தேதி காலை ஆம்புலன்ஸ் பாலத்துக்கு வந்தபோது அங்கே ரிப்பன் கட்டியிருந்தது. கோர்ஸ் புதர் இரண்டு கரையிலும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. 'நாய் நலச் சேவைக்கு மட்டும்' என்று புதுப் பலகை. கில்கிறிஸ்ட் கத்தரிக்கோலோடு நின்று, எதிரே இருந்த நாலு நாய்களைப் பார்த்து, "மேல் ஸ்டோனி வாழ் பெருமக்களே" என்று ஆரம்பித்தார். பழக்க தோஷம். நாய்கள் பொறுமையாகக் கேட்டன. அவருடைய வார்டில் அவர் நேரில் ஆற்றிய முதல் உரை அது. பதினேழு நிமிஷம் நடந்தது. கிழட்டு டார்க் மட்டும் நடுவில் எழுந்து ஆம்புலன்ஸ் கதவைப் பிறாண்டப் போய்விட்டது.

நெட்டா இறங்கினாள். நடைச்சட்டத்தை ஊன்றி, ரிப்பனைக் குனிந்து தாண்டாமல், நேரே மோதி அறுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டு வாசலில் டூரி மாத்திரை கொடுக்க, அவள் ஒவ்வொரு நாயாகத் தாடையைப் பிடித்தாள். நாலும் முழுங்கின. டூரி கண்ணால் பார்த்தான், கையெழுத்துப் போட்டான், டீ குடித்தான், இரண்டு பிஸ்கட் தின்றான். கிளாரி உள்ளே போய் ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டார்.

*

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இன்னொரு கடிதம் வந்தது. இந்தத் தடவை கவுண்டியின் கிரேடர் வாசல் வரை வந்ததால் டூரியே கொண்டுவந்து கொடுத்தான்.

திருமதி ஹாப்டே வீடு திரும்பியதை ஒட்டி மேல் ஸ்டோனியின் எண்ணிக்கை மறுமதிப்பீடு செய்யப்பட்டது. எந்திரம் குலுக்கியதில் திருத்தப்பட்ட மக்கள்தொகை மூன்று. இந்த அபார வளர்ச்சிக்குக் கவுண்டியின் பாராட்டுகள். வசிப்பவர் விவரப் படிவம் மூன்று இணைக்கப்பட்டுள்ளது. மூன்று பேரும் தனித்தனியே நிரப்பி அனுப்ப வேண்டும். மூன்றாவது நபரின் விவரத்தை மறைப்பது குற்றம்.

கிளாரி தன் படிவத்தை நிரப்பினார். நெட்டா தன்னுடையதை நிரப்பினாள். மூன்றாவது மேஜை நடுவில், ஜாம் பாட்டிலுக்குப் பக்கத்தில், வெள்ளையாகக் கிடந்தது.

"இதுக்கு என்ன பண்றது?" என்றார் கிளாரி. "இல்லைன்னு எழுதினா நம்ப மாட்டான். இருக்குன்னு எழுதினா ஆள் எங்கன்னு கேப்பான்."

நெட்டா பேனாவை அவர் கையில் திணித்தாள். "இருபத்தோரு வருஷமா நம்ம பேரைச் சொல்லியே சாப்பிடுறவன் ஒருத்தன் இருக்கான்ல? எழுது. கில்கிறிஸ்ட்."

கிளாரி எழுதினார். அவர் கையெழுத்து எப்போதும் மெதுவானது. "வசிக்கும் இடம்?"

"மேல் ஸ்டோனின்னுதான எல்லாக் கூட்டத்துலயும் சொல்றான். அதையே போடு."

"தொழில்?"

"நம்ம சார்பா பேசுறது."

"குடும்பத் தலைவருக்கு என்ன உறவு?"

நெட்டா நாற்காலியில் சாய்ந்து யோசித்தாள். காலடியில் கிழட்டு டார்க் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"உறவை விடு. நாய்ப் பேரேட்டுல சேத்துக்கச் சொல்லு" என்றாள். "ஆறு வாரத்துக்கு ஒரு தரம் டூரி வர்றான்ல? வாயை நான் பிடிச்சுக்கிறேன்."